பயறுப் பை

என் உடம்பை மண்டபத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று கேட்கும் மனுவை என் கையாலேயே எழுதினேன். சொல்லச் சொல்ல எழுதினேன். சொன்னவர் என் கணவர்.

உதயரூபன் எங்கள் ஊர் அம்மன் கோயில் பரிபாலன சபையின் செயலாளர். ஒன்பது வருடமாக அந்தப் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார். ஆனால் கோயிலிலிருந்து போன கடிதம் ஒன்றாவது அவர் எழுத்தில் போனதில்லை. அவர் எழுதினால் ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். அதனால் கடிதம் என்று வந்தால் என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து நடந்து சொல்வார். நான் ஊர் நூலகத்தில் நூலகர். என் எழுத்து அழகாக இருக்கும். அந்த அழகால் வந்த வினைதான் இது.

"'எமது கிராமத்தின் காவல் தெய்வமாகிய அம்பாளை' எண்டு தொடங்கு. மறுகா, 'அரை நிர்வாணமாக'... இல்ல, அரை வேணா. நிர்வாணமாக எண்டே போடு."

"இடுப்புக்கு மேலதானே உடுப்பு இல்ல எண்டு சொன்னீங்க?"

"எழுதச் சொன்னா எழுது சர்மிலா. கேள்வி கேக்காத."

எழுதினேன். 'இடது மார்பு அற்றவராகவும், ஆடை விலகிய கோலத்திலும், முகத்தை மறுபக்கம் திருப்பியவராகவும் வரைந்து காட்சிக்கு வைத்திருப்பதானது பக்தர்களின் மனத்தைப் புண்படுத்துவதாகும்.' முகத்தை மறுபக்கம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. முகம் தெரியக் கூடாது என்பது என் நிபந்தனை. அந்தப் படத்தில் கதிரையில் இருந்தது அம்பாள் இல்லை. நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இடப்பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. முழுவதையும் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், எடுத்தார்கள். வந்ததுதான் வந்தது, வலப்பக்கமாக வந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். அப்படி வந்திருந்தால் இந்தப் படத்தைப் பார்த்து யாரும் மனு எழுதியிருக்க மாட்டார்கள்.

உதயரூபனைக் குறை சொல்ல வாய் வராது. வேன் பிடித்தார். இரத்தம் கொடுக்க ஆள் பிடித்தார். அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். கமநலத் திணைக்களத்தில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பதினொரு நாள் காத்துக்கிடந்தார். வெட்டின இடத்தை மட்டும் பார்க்கவில்லை. முதல் தடவை கட்டு மாற்றிய அன்று தாதி அவரைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்களும் பாத்துப் பழகுங்க. வீட்ட போனா நீங்கதானே மாத்தணும்" என்றாள். தேத்தண்ணி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடி முன் நின்று நானே மாற்றிப் பழகினேன்.

ஊருக்கு என்ன சொல்வது என்றும் அவரே முடிவெடுத்தார். கர்ப்பப்பை எடுத்ததாகச் சொன்னார். கர்ப்பப்பை கௌரவமான உறுப்பு போலிருக்கிறது. எடுத்தாலும் யாருக்கும் தெரியாது, யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். கட்டாரில் இருக்கும் எங்கள் மகனுக்கும் அதையே சொன்னார். அவன் பால் குடித்தது எதிலிருந்து என்று அவனுக்கே ஞாபகமில்லாதபோது சொல்லித்தான் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு விரதம் தொடங்கியது. எங்கள் அம்மன் நீதி கேட்டு இடது முலையைத் திருகி எறிந்து ஒரு நகரத்தையே எரித்தவள். எரித்த கோபத்தோடு இந்தப் பக்கம் வந்தவளை ஒவ்வொரு வைகாசியும் கதவு திறந்து, மஞ்சள் நீராலும் பாட்டாலும் குளிரப்பண்ணி, திரும்பக் கதவு சாத்துவோம். அந்த எட்டு நாளும் கோயில் காரியம் பார்க்கும் ஆண்கள் விரதம். மனைவியோடு ஒரே பாயில் படுக்க மாட்டார்கள். மற்றவர்கள் எட்டு நாள் பிடிக்கும் விரதத்தை என் கணவர் மூன்று வருடமாகப் பிடிக்கிறார். பாயைச் சுருட்டிக்கொண்டு முன் அறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு அது. அதில் எனக்கென்று ஒரு அறை தனியாகக் கிடைத்ததில் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளியே போக எனக்கு ஒரு பை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் காட்டிய பொய் மார்பு கனமாகவும் சூடாகவும் இருந்தது. நானே பழைய பருத்திச் சீலையில் ஒரு பை தைத்து, இலவம் பஞ்சு அடைத்தேன். பஞ்சு மட்டும் என்றால் மேலே ஏறிக் கழுத்தடிக்கு வந்துவிடும். எடைக்கு இரண்டு சிறங்கை பாசிப்பயறு போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதம் நூலகத்தில் மின்சாரம் இல்லை. மூன்று நாள் வேர்த்துக் கொட்டியது. அடுத்த நாள் பையைப் பிரித்தால் பயறு முளைவிட்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக வால். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குசினியில் நின்றேன். கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

அந்தக் கதையை நான் முதன்முதல் சொன்னது கம்சாயினியிடம்.

கம்சாயினி படம் கீறுகிறவள். முப்பது வயது இருக்கும். குருக்கள்மடத்தில் வாவிப் பக்கமாக ஒரு அறை எடுத்து இருந்தாள். பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தற்காலிகமாகச் சித்திரம் படிப்பித்தாள். எங்கள் நூலகத்தில் இருந்த ஒரே ஒரு பெரிய ஓவியப் புத்தகத்தை மூன்று வருடத்தில் எடுத்த ஒரே வாசகி அவள்தான். ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது என் இடது கையைப் பார்த்தாள். நிணநீர் தேங்கி அந்தக் கை வீங்கித்தான் இருக்கும், ஊரில் எல்லோரும் வாதம் என்று நினைத்தார்கள்.

"அக்கா, இது மார்பு ஒப்பரேஷன் செஞ்ச கைதானே? என்ட அம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்த."

'இருந்த' என்றாள், இருக்கு என்று சொல்லவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் திகதி முத்திரையைக் குத்தினேன். தலைகீழாகக் குத்திவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என்னைப் படமாகக் கீறட்டுமா என்று அவள் கேட்டாள், நான் ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கலைக்காக இல்லை. உதயரூபனுக்காக. என்றைக்காவது ஒரு நாள் இந்தப் படம் அவர் கண்ணில் படும். முகம் இல்லாவிட்டாலும், இருபத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவருக்கு என்னைத் தெரியாமல் போகுமா? வாயால் கேட்க வெட்கமாக இருந்த ஒன்றைப் படம் அவரிடம் கேட்கட்டும் என்று நினைத்தேன். என்னை ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான் கேள்வி.

ஏழு சனிக்கிழமை அவள் அறைக்குப் போனேன். கம்சாயினி பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, அருவருப்பும் இல்லை. தையல்காரி அளவெடுக்கும்போது பார்ப்பாளே, அந்த மாதிரி. முதல் நாள் சட்டையைக் கழற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சமாதானம் சொல்லவில்லை. "அழுங்க அக்கா. கை மட்டும் அசையாமப் பாத்துக்கோங்க" என்றாள். மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

அவள் இருந்ததை இருந்தபடி கீறினாள். தழும்பு தோளடியிலிருந்து நெஞ்சுக்குழி வரை சரிந்து போகும். ரேடியேஷன் கொடுத்த இடத்தில் தோல் கருகிக் கறுத்துக் கிடந்தது. அங்கே அரிப்புத் தாங்காது. அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வந்தவர்களுக்குச் செய்வது போல வேப்பங்குழையால் தடவிக்கொள்வேன். அந்தக் குழை மடியில் கிடந்தது, அதையும் கீறினாள். முளைத்த பயற்றின் கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு மண் சட்டியில் பயற்றை முளைக்க வைத்துக் கதிரைக் காலடியில் வைத்தாள். என் வலது முன்கையில் எண்ணெய் தெறித்த மூன்று தழும்பு இருக்கிறது. கலியாணம் முடித்த வருடம் பலகாரம் சுடும்போது பட்டது. அன்றைக்கு உதயரூபன் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பொழுதுபடும் வரை விசிறினார். மூன்றும் அடுப்புக்கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்புக் காட்டினார். கம்சாயினியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மூன்றையும் விட்டுவிடாமல் கீறு என்றேன். கீறினாள்.

வைகாசியில் மட்டக்களப்பு நகரத்தில் கண்காட்சி. வாவிக்கரையில் ஒரு பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து மண்டபம் ஆக்கியிருந்தார்கள். முதல் நாள் நான் யாரோ போலப் போய் ஒரு மூலையில் நின்றேன். படத்துக்குக் கீழே ஒரு சின்ன மட்டையில் 'சீற்றம்' என்று எழுதியிருந்தது. என்னிடம் கேட்காமல் வைத்த பெயர். எனக்குச் சீற்றமே இருந்ததில்லை. அரிப்புத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு, இது கிழக்கு மண்ணின் உடல் என்றார். வெட்டப்பட்ட மார்பு பறிபோன வயல்நிலமாம். வீங்கிய கை இன்னும் பேசப்படாத வரலாறாம். ஏதோ நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண், போரில் கணவனை இழந்தவளின் குறியீடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். என் கணவர் அந்த நேரம் கோயிலில் பந்தலுக்குக் கிடுகு எண்ணிக்கொண்டிருந்தார். முளைத்த பயறு நம்பிக்கை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இல்லை, அது சாபம் என்றார். ஒருவர் வாயிலாவது புற்றுநோய் என்ற சொல் வரவில்லை. கட்டி என்று கூட ஒருவரும் சொல்லவில்லை. கம்சாயினி எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னத்துக்குப் புள்ள எல்லாத்துக்கும் தலையாட்டுறாய்?" என்று அவளை ஓரமாக இழுத்துக் கேட்டேன். நல்ல கோபம் எனக்கு.

"ஆக்கள் நிண்டு பாக்கணும் அக்கா. வருத்தக்காரி எண்டு சொன்னா ஒரு நிமிசத்தில பாவம் எண்டு சொல்லிட்டுப் போயிருவாங்க. பெரிசா ஏதும் இரிக்கு எண்டு நினைச்சாத்தான் நிப்பாங்க."

"பேரு?"

"பேர் வச்சது பிழைதான்" என்றாள். "ஆனா உங்கட பேர நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். அது சத்தியம்."

மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் மருந்து எடுக்க நகரத்துக்குப் போன இடத்தில் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு விரிவுரையாளரின் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இடது மார்பு இல்லை, உடம்பு கருகியிருக்கிறது, மடியில் வேப்பங்குழை, காலடியில் கோயிலில் வைக்கும் முளைப்பாலிகை போலப் பயறு முளைத்த சட்டி. மாதமோ வைகாசி. வேறு யாராக இருக்க முடியும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தப் போக, மண்டபக் காவலாளி ஓடி வந்து தடுத்திருக்கிறான். அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன் செய்தி திரும்பிவிட்டது. சேலை இல்லாமல் அம்மனைக் கீறி வைத்திருக்கிறாள் ஒருத்தி.

அன்று பின்னேரமே உதயரூபன் மோட்டார் சைக்கிளில் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நான் வாசலில் நின்றேன். முகத்தைப் பார்த்தேன். என்னைக் கடந்து போனார். கை கால் கழுவினார். சாமி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "பேனையும் பேப்பரும் எடு" என்றார்.

அப்படித்தான் அந்த மனுவை எழுதினேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை என்று எண்ணி எண்ணி ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன். இரண்டாம் பந்தியில் கம்சாயினியின் பாடசாலை வேலையையும் நிறுத்த வேண்டும் என்று கல்வி அதிகாரிகளைக் கேட்டிருந்தார். அதையும் எழுதினேன். கோழை என்று என்னைச் சொல்லலாம். கையெழுத்து மட்டும் கொஞ்சமும் கோணவில்லை.

சனிக்கிழமை காலை கண்காட்சி மண்டபத்தில் கூட்டம். கம்சாயினியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோயில் வண்ணக்கர் வேலப்போடி வந்திருந்தார். எங்கள் கோயில் பொறுப்பெல்லாம் அவர் தலைமையில்தான். எழுபது வயது, அதிகம் பேசாதவர். சபையில் இன்னும் மூன்று பேர். என்னையும் உதயரூபன் கூட்டிக்கொண்டு போனார், கூட்ட அறிக்கை எழுத ஆள் வேண்டுமாம். ஒரு நீளமான மேசை. அதன் பின்னால் சுவரில் ஆளுயரத்துக்கு நான். மேசைக்கு இந்தப் பக்கம் கொப்பியும் பேனையுமாக நான். எல்லோரும் படத்துக்கு முதுகைக் காட்டி இருந்தார்கள். மரியாதையாம்.

உதயரூபன் எழுந்து மனுவை வாசித்தார். பிறகு படத்தின் பக்கம் திரும்பாமலே ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்பாளின் திருமேனியில் தழும்பு. அம்பாளின் கை வீங்கியிருக்கிறது. அம்பாளைக் கதிரையில் ஒரு கிழவி மாதிரி இருத்தியிருக்கிறாள். கிழவி என்ற சொல்லை நான் கொப்பியில் எழுதினேன்.

வேலப்போடி கம்சாயினியைப் பார்த்தார். "இஞ்ச பாருங்க புள்ள. சத்தம் போட வரல்ல நாங்க. ஒண்டே ஒண்டு கேக்கன். இது அம்பாளா?"

"இல்ல ஐயா. ஒரு மனுசி."

"எந்த மனுசி?"

கம்சாயினி பேசாமல் நின்றாள்.

"மனுசி எண்டா அவக்கு ஒரு பேர் இரிக்கணும். அப்பிடி ஒராள் இரிக்கா எண்டு காட்டுங்க, இந்த மனுவ நானே கிழிக்கன். இல்லாட்டி இது அம்பாள்தான். இண்டைக்கே கழட்டணும். மத்ததுகளும் நடக்கும்."

நியாயமாகத்தான் கேட்டார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். அவள் கண் ஒரு தடவை கூட என் பக்கம் வரவில்லை. தாய் செத்த பெண், தற்காலிக வேலை, அறை வாடகை. ஒரு சத்தியத்துக்காக எல்லாவற்றையும் விடத் தயாராக நிற்கிறாள். நான் அழகான எழுத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்க்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

"அது நான்தான்" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. நான் அறிக்கையில் ஏதோ சந்தேகம் கேட்கிறேன் என்று ஒருவர் நினைத்து என் பக்கம் குனிந்தார். கொஞ்சம் பலமாகச் சொன்னேன். "படத்தில இரிக்கிறது நான்தான்."

உதயரூபன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாய் மட்டும்தான் சிரித்தது. "அந்தப் பொட்டைக்குப் பாவம் பாத்துச் சொல்றா. நூலகத்துக்கு வந்து போற பழக்கம்."

"அப்பிடியா செயலாளர்?" என்று வேலப்போடி கேட்டார்.

"வண்ணக்கர், அது என்ட பெஞ்சாதி இல்ல. என்ட பெஞ்சாதிட உடம்பு எனக்குத் தெரியாதா?"

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று ஆறிப்போனது. அந்த ஆஸ்பத்திரித் தேத்தண்ணி மாதிரி. நான் எழும்பிச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். முந்தானைக்குள் கையை விட்டுச் சட்டையின் மேல் கொளுக்கியைக் கழற்றிப் பையை எடுத்தேன். வேர்வையில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. கொண்டுபோய் மேசையில் மனுவுக்கு மேல் வைத்தேன். பயறு சரிந்து ஒரு பக்கமாகப் போய் நின்றது, சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சீலை என் இடப்பக்கத்தில் தட்டையாக விழுந்தது. அவர்கள் பார்க்கட்டும் என்று நேராக நின்றேன்.

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். உதயரூபன் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார். வேலப்போடி மட்டும் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்ல எழுந்து திரும்பிப் படத்தையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கும்பிடாதீங்க வண்ணக்கர். நான் ஒண்டையும் எரிக்கல்ல. ஒண்டையும் திருகி எறியல்ல. எனக்குக் கட்டி வந்த, டொக்டர் வெட்டின. மயக்க மருந்தில கிடந்தன் நான். அவ்வளவுதான்."

அவர் கையை இறக்கினார். பாவம், நல்ல மனிதர். ஆனால் ஒரு மார்பு இல்லாத பெண்ணை அவருக்கும் கும்பிடத்தான் தெரிந்தது. பைக்கு அடியிலிருந்து மனுவை உருவி நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கம்சாயினி மூலையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். நான் அறிக்கைக் கொப்பியை மூடினேன். படம் சுவரிலேயே இருக்கும், அவள் வேலையும் இருக்கும். எனக்குத்தான் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கல்லடிப் பாலத்தில் காற்று அடித்தபோது சீலை உடம்போடு ஒட்டியது. எதிரே வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நான் இழுத்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன் அறையில் பாயைச் சுருட்டத் தொடங்கினார். அன்றைக்குக் கோயிலில் குளிர்த்தி, அம்மனைக் குளிரப்பண்ணும் சடங்கு, முன் வரிசையில் நிற்க வேண்டியவர் அவர். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். பாயைக் கட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்.

"எனக்குப் பாத்த அண்டைக்கே தெரியும்."

முதலில் அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

"என்ன தெரியும்?"

"நீதான் எண்டு தெரியும். அதாலதான் மனு எழுதுவிச்சன். உன்னக் கொண்டு எழுதுவிச்சா நீ பயந்து அந்தப் பொட்டையிட்டச் சொல்லிப் படத்தக் கழட்டிப்போடுவாய் எண்டு நினைச்சன். அம்பாள் எண்டு எல்லாரும் நம்பிக்கிட்டுத்தானே இருந்தாங்க. அப்பிடியே போயிருக்கும். நீதான் நாலு பேருக்கு முன்னால அவிழ்த்துக் காட்டிட்டாய்."

எதற்காக ஏழு சனிக்கிழமை அந்தக் கதிரையில் அசையாமல் இருந்தேனோ, அது நடந்திருக்கிறது. அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாமி கும்பிட்டு, பேனையும் பேப்பரும் எடு என்றிருக்கிறார்.

ஆனாலும் வெட்கம் கெட்ட மனம் விடவில்லை. இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"பாத்தீங்கதானே" என்றேன். "எப்பிடி இரிக்கு?"

"எது?"

"வெட்டின இடம்."

அவர் பாயைத் தோளில் வைத்தார். "அத நான் பாக்கல்ல சர்மிலா. மனுவில சொன்னதெல்லாம் ஊர்ப் பொம்பிளையள் சொன்னதுதான். கையிலயே கண்டுட்டன், அந்த மூணு தழும்பையும். மறுகா மேல பாக்கல்ல."

ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்தவர் போலச் சொன்னார். எனக்கு மரியாதை தந்தாராம். படலையைத் திறந்து போனார். கொஞ்ச நேரத்தில் கோயில் பக்கமிருந்து உடுக்குச் சத்தம் கேட்டது. மார்பைத் திருகி எறிந்தவளுக்கு மஞ்சள் நீர் தெளித்து, குளிர்ந்தருள்வாய் தாயே என்று பாடத் தொடங்கியிருப்பார்கள். அந்த இடத்தில் என் கணவர் ஒவ்வொரு வருடமும் தேம்பித் தேம்பி அழுவார். ஊரே அதைச் சொல்லிப் புகழும்.

பை மண்டபத்து மேசையிலேயே கிடந்துவிட்டது. திங்கட்கிழமை நூலகத்துக்கு வேறு ஒன்று தைக்க வேண்டும் என்று குசினிக்குப் போய்ப் பயற்றுப் போத்தலை எடுத்தேன். இரண்டு சிறங்கை அள்ளிச் சுளகில் போட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போத்தலில் இருந்த மிச்சத்தையும் கொட்டிக் கழுவி, அடுப்பில் வைத்து அவித்தேன். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, சட்டையின் கொளுக்கியைக் கூடத் திருப்பிப் போடாமல் குசினி நிலத்தில் குந்தி ஒரு கோப்பை நிறையத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கோப்பை போட்டுத் தின்றேன். அவருக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை.